புத்தகப் படமும் பட்டுப்புழுவின் செல்லும்

கேள்வி: ஆய்வகத்தில் கன்னத்தின் உட்புறச் செல்லை மெத்திலீன் நீலம் போட்டுப் பார்த்தோம். உட்கரு மட்டும்தான் தெரிந்தது. புத்தகப் படத்தில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம் எல்லாம் ஏன் தெரியவில்லை?
– பிளஸ் ஒன் மாணவி, பாலக்கோடு

பதில்: முதல் காரணம் சாயம். மெத்திலீன் நீலம் நேர்மின் சுமை கொண்டது. எதிர்மின் சுமையுள்ள டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும். அதனால் உட்கரு அடர்நீலமாகிறது, மற்றவை வெளிறிக் கிடக்கின்றன. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் தடிமன் அரை முதல் ஒரு மைக்ரோமீட்டர். அதைப் பார்க்க உயிருள்ள செல்லில் ஜேனஸ் கிரீன் பி சாயம் போட வேண்டும். புரதம் கட்டும் ரைபோசோம் சுமார் 25 நானோமீட்டர்தான். சாதாரண ஒளி நுண்ணோக்கியின் எல்லையே 200 நானோமீட்டர் என்பதால் எந்தச் சாயம் போட்டாலும் அது தெரியாது. எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் சுரண்டி எடுத்தது உதிரும் தறுவாயில் உள்ள தட்டைச் செல். அதில் உள்ளுறுப்புகள் இயல்பாகவே குறைவு. புத்தகப் படம் எல்லா உறுப்பையும் ஒரே இடத்தில் காட்ட வரைந்தது. எந்தத் திசுவின் செல்லும் அச்சு அசலாக அப்படி இருக்காது.

அடுத்த முறை 0.9 சதவீத உப்புக் கரைசல் ஒரு சொட்டில் செல்களைப் பரப்புங்கள். சாயம் ஒரு சொட்டு போதும், ஒரு நிமிடம் விட்டு, மிகுந்ததை வடிதாளால் உறிஞ்சிவிடுங்கள். சாயம் கூடினால் செல் முழுக்க நீலமாகி உட்கருவும் மறைந்துவிடும். மேலே மூடும் மெல்லிய கண்ணாடி வில்லையைச் சாய்த்து, ஒரு ஓரத்திலிருந்து மெல்ல இறக்குங்கள். தட்டையாகப் போட்டால் காற்றுக்குமிழி சிக்கும்; கறுத்த விளிம்புள்ள அந்த வட்டத்தைத்தான் பலர் செல் என்று வரைந்து வைக்கிறார்கள்.

கேள்வி: ஒரு புழு ஆயிரம் மீட்டருக்கு மேல் நூல் விடுகிறது. இவ்வளவு பட்டும் அதன் உடம்பில் எங்கே உருவாகிறது?
– பட்டு விவசாயி, தேன்கனிக்கோட்டை

பதில்: விலங்குச் செல்லின் வேலையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. புழுவின் இரு பக்கமும் ஓடும் பட்டுச் சுரப்பியின் பின்பகுதிச் செல்கள் நூலின் உள்ளிழையான ஃபைப்ராயினைச் செய்கின்றன. நடுப்பகுதிச் செல்கள் செரிசின் பசையைத் தருகின்றன.

முட்டைக்குள்ளேயே இந்தச் செல்களின் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. பிறகு அவை பிரிவதில்லை, அளவில் மட்டும் பருக்கின்றன. செல் பிரியாமலே டி.என்.ஏ. மட்டும் மறுபடி மறுபடி நகலாகி, சாதாரண செல்லில் இருப்பதைப் போல் லட்சக்கணக்கான மடங்கு சேர்கிறது. உட்கரு உருண்டையாக இல்லாமல் வேர் போலக் கிளைத்துச் செல் முழுக்கப் பரவுகிறது. அங்கிருந்து வரும் ஆணையை செல்லுக்குள் விரிந்திருக்கும் சவ்வு வலையான எண்டோபிளாச வலையில் ஒட்டியிருக்கும் ரைபோசோம்கள் படித்துப் புரதமாக்கும். வலைக்குள் மடிந்து சீரான புரதம், அதைப் பொதி கட்டி அனுப்பும் உறுப்பான கோல்கைக்குப் போய், சிறு பைகளில் அடைபட்டு, சுரப்பியின் குழாய்க்குள் கொட்டப்படும். இத்தனைக்கும் ஆற்றல் தருவது மைட்டோகாண்ட்ரியா.

கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசி வளர்ச்சிக் கட்டமான ஐந்தாம் பருவத்தில்தான் இந்த வேலை உச்சத்துக்குப் போகிறது. மொத்த இலையில் 80 சதவீதத்துக்கு மேல் புழு தின்பதும் அப்போதுதான். அந்த நாட்களில் இலை வாடியோ குறைந்தோ போனால் புரதம் கட்ட மூலப்பொருள் இல்லாமல் கூட்டின் ஓடு மெலிந்துவிடும். பட்டுக்கூடு அங்காடியில் விலை இறங்கும்.

கேள்வி: பால்புழு நோயில் புழுவின் ரத்தம் வெள்ளையாவது ஏன்?
– அதே வாசகர்

பதில்: அந்த வைரஸ் செல்லின் உட்கருவுக்குள் பெருகுவது. இலையோடு உள்ளே போகும் வைரஸ் மணிகள் (வைரஸைப் பொதிந்த புரதப் படிகங்கள்) குடலின் காரத்தன்மையில் கரைந்து, வைரஸை வெளிவிடுகின்றன. அது ரத்தச் செல், கொழுப்புத் திசு ஆகியவற்றின் உட்கருவைப் பிடித்துப் புதிய மணிகளால் நிரப்பும். கடைசியில் செல் வெடித்து மணிகள் ரத்தத்தில் கலக்கின்றன. வெண்மை அதுதான். சந்தேகமான புழுவின் காலைக் குத்தி, வரும் துளியை 400 மடங்கில் பாருங்கள். பளபளக்கும் மணிகள் நிறையத் தெரிந்தால் பால்புழுதான்.

மருந்து கிடையாது. நோய்ப்புழுவைப் பொறுக்கி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் போட்டு அழியுங்கள். தரையிலோ கோழிக்கோ எறிய வேண்டாம். வளர்ப்பு மனையில் கிருமி நீக்கத் தெளிக்க 100 லிட்டர் நீரில் 2 கிலோ பிளீச்சிங் பவுடர், 300 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு. பவுடரில் 30 சதவீதம் குளோரின் இருக்க வேண்டும். திறந்து வைத்த பழைய மூட்டையில் குளோரின் பறந்திருக்கும். அதைக் கரைத்துத் தெளிப்பது வீண் உழைப்பு.

கேள்வி: ரத்தச் சிவப்பணுவில் உட்கரு இல்லை என்றால் ரத்தத்தில் டி.என்.ஏ. பரிசோதனை எப்படி?
– வாசகர், அரூர்

பதில்: வெள்ளையணுக்களிலிருந்து எடுக்கிறார்கள். மனிதனின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. சுமார் 120 நாள் வாழும். கோழியின் சிவப்பணுவில் உட்கரு உண்டு.