கிளெப் தேர்வில் 53: டெக்சாஸில் இருக்கும் ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

பதினோராம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள், கல்லூரிப் பாடத்தை வகுப்புக்குப் போகாமலே தேற வழி தரும் கிளெப் (CLEP) தேர்வுகளில் 'அமெரிக்கன் கவர்ன்மென்ட்' எழுதி 53 வாங்கியிருக்கிறாள். தேர்வு மையத்திலிருந்து சிரித்த முகத்தோடு வந்தவளிடம், காரில் ஏறியதும் "நூத்துக்கு அம்பத்திமூணுதானா?" என்று கேட்டுவிட்டீர்கள். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அது நூற்றுக்கு 53 இல்லை. உங்கள் மகள் தேறிவிட்டாள்.

நீங்கள் கேட்டதில் தப்பில்லை. பிளஸ் டூவில் 1200-க்கு எவ்வளவு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கட்-ஆஃப்பில் கால் மதிப்பெண் குறைந்தால் விரும்பிய கல்லூரி கைநழுவிப் போகும் என்று பயந்து படித்தவர்கள். எண்ணைப் பார்த்ததும் நூற்றில் எவ்வளவு என்றுதான் மனம் கணக்குப் போடும். இந்தத் தேர்வுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

கிளெப்பை நடத்துவது காலேஜ் போர்டு, அதாவது கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வையும், பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படித்து எழுதும் ஏ.பி. தேர்வையும் நடத்தும் அதே அமைப்பு. 1967-லிருந்து இது நடக்கிறது. கல்லூரியின் தொடக்கநிலைப் பாடம் ஒன்றை வகுப்பில் உட்காராமலே கற்றுக்கொண்டதை ஒரே தேர்வில் நிரூபித்து, அதற்குரிய கிரெடிட்டை, அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகுகளை, பெறுவதுதான் ஏற்பாடு. மொத்தம் 34 பாடங்கள். எல்லாவற்றுக்கும் அளவுகோல் ஒன்றே: மிகக் குறைவு 20, மிக அதிகம் 80. எதுவுமே தெரியாமல் போனாலும் 20 வரும். ஆகவே 53-ஐ நூற்றோடு ஒப்பிடவே முடியாது.

எண் எப்படி வருகிறது என்பதையும் சொல்கிறேன். சரியான விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. தவறான விடைக்குக் கழிவு கிடையாது. இப்படிக் கிடைக்கும் மொத்தத்தை 20–80 அளவுகோலுக்கு மாற்றுகிறார்கள். இன்று எழுதுபவருக்கும் அடுத்த மாதம் எழுதுபவருக்கும் ஒரே வினாத்தாள் வராது. ஒன்று சற்றுக் கடினமாக இருக்கலாம். அந்த வித்தியாசம் யாரையும் பாதிக்காதபடி சமன் செய்வதற்காகத்தான் இந்த மாற்றம். எதிர்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கும் கேள்விகள் சிலவும் இடையில் இருக்கும். அவை மதிப்பெண்ணில் சேராது. எது அப்படிப்பட்ட கேள்வி என்பது எழுதுபவருக்குத் தெரியாது. அதனால் "நூறு கேள்வியில் எத்தனை சரி?" என்று அவளைக் குடைவதில் பயனில்லை.

தேறுவதற்கான கோடாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது 50. அதன் பொருள் இதுதான்: அந்தப் பாடத்தைக் கல்லூரியில் ஒரு பருவம் படித்து 'சி' கிரேடு வாங்கும் மாணவருக்கு என்ன தெரிந்திருக்குமோ, அது இவருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தப் பாடத்தைக் கற்பிக்கும் கல்லூரி ஆசிரியர்கள் குழுவாகக் கூடி அந்த அளவை நிர்ணயிக்கிறார்கள். 50 வாங்கினால் கிரெடிட் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் கல்வி மன்றம், அதாவது ஏ.சி.இ., கல்லூரிகளுக்குப் பரிந்துரைக்கிறது. அமெரிக்கன் கவர்ன்மென்ட்டுக்குப் பரிந்துரை 3 கிரெடிட்.

50-ஐ ஏற்கும் கல்லூரியில் 53 வாங்கியவருக்கும் 3 கிரெடிட், 76 வாங்கியவருக்கும் அதே 3 கிரெடிட்தான். பெரும்பாலான இடங்களில் இதற்கு 'ஏ', 'பி' என்று கிரேடு போடுவதில்லை. தேறியதாக மட்டும் குறிப்பார்கள். அதனால் ஜி.பி.ஏ. என்னும் கிரேடு சராசரி ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. "மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதி 70 வாங்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சகோதரி. அந்த மூன்று மாதத்தை அடுத்த பாடத்துக்குக் கொடுங்கள்.

இதற்கு விலக்கு இல்லாமல் இல்லை. மொழித் தேர்வுகளில் உயர்ந்த மதிப்பெண்ணுக்குத் தனிப் பலன் உண்டு. ஸ்பானிஷில் 50 வாங்கினால் 6 கிரெடிட், 63 வாங்கினால் 9 கிரெடிட் என்பது ஏ.சி.இ. பரிந்துரை. பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கும் உங்கள் மகள் அந்த 63-ஐக் குறிவைப்பது நியாயமான ஆசை. (கிளெப்பில் மொழிகள் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மட்டும்தான். தமிழ் இல்லை. வாரக் கடைசியில் தமிழ்ப் பள்ளிக்கு ஓடிய அத்தனை ஆண்டுகளுக்கும் இங்கே கிரெடிட் கிடைக்காது என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.) இன்னொரு விலக்கு, 50 போதாது, இன்னும் அதிகம் வேண்டும் என்று தாமாகவே கோட்டை உயர்த்தி வைத்திருக்கும் கல்லூரிகளும் துறைகளும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்தக் கோட்டைப் பற்றித்தான். ஏ.சி.இ. சொல்வது பரிந்துரை மட்டுமே. முடிவு கல்லூரியின் கையில். கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழக அமைப்பு கிளெப்புக்குக் கிரெடிட் தருகிறது. அதே மாநிலத்தில் பெர்க்லியும் யு.சி.எல்.ஏ.வும் அடங்கிய கலிஃபோர்னியா பல்கலைக்கழக அமைப்பு தருவதில்லை. ஒரே ஊரில் இருக்கும் இரண்டு கல்லூரிகளுக்குள் கூட இப்படி வேறுபாடு இருக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவன் நான்கு கிளெப் தேர்வுகளில் நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருந்தான். அவன் சேர்ந்த கல்லூரி அவற்றில் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டது. எழுதுவதற்கு முன்பே கேட்டிருந்தால் மற்ற மூன்றுக்கும் உழைத்த கோடை விடுமுறை அவனுக்கு மிஞ்சியிருக்கும். அன்றிலிருந்து யார் வந்தாலும் என் முதல் கேள்வி, "எந்தக் கல்லூரிகளை மனதில் வைத்திருக்கிறீர்கள்?" என்பதுதான்.

டெக்சாஸில் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு நுணுக்கமும் தெரிந்திருக்க வேண்டும். அங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற அரசியலமைப்பு சார்ந்த பாடத்தில் 6 கிரெடிட், அமெரிக்க வரலாற்றில் 6 கிரெடிட் என்று மாநிலச் சட்டமே கேட்கிறது. அந்த முதல் ஆறில் டெக்சாஸ் மாநில அரசியலமைப்பும் அடங்க வேண்டும். கிளெப் தேர்வு பேசுவது மத்திய அரசைப் பற்றி. டெக்சாஸ் அரசு அதில் வராது. அதனால் சில பல்கலைக்கழகங்கள் டெக்சாஸ் பகுதிக்குத் தனியாக ஒரு சிறு தேர்வு வைக்கின்றன, சில ஒரு பாடத்தை வகுப்பில் படிக்கச் சொல்கின்றன. டெக்சாஸ் பகுதிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் 53-க்குப் பிறகு நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அவள் மருத்துவம் படிக்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உயிரியலையும் வேதியியலையும் கிளெப்பில் முடிக்க வேண்டாம். பல மருத்துவக் கல்லூரிகள் முன்தேவைப் பாடங்களுக்கு கிளெப்பை ஏற்பதில்லை. கல்லூரி ஆய்வகத்தில் நின்று படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. வரலாறு, அரசியல், பொருளியல், சமூகவியல் போன்றவற்றை கிளெப்பில் எழுதிவிட்டு, அறிவியலை வகுப்பில் முழுதாகப் படிக்கட்டும்.

"ஏ.பி. நல்லதா, கிளெப் நல்லதா?" என்ற கேள்விக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஏ.பி. ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தில். மதிப்பெண் 1 முதல் 5 வரை, முடிவு ஜூலையில் வரும். பள்ளியில் ஏ.பி. வகுப்பு எடுத்திருப்பதைக் கல்லூரிகள் சேர்க்கையின்போது கவனிக்கின்றன. கிளெப்புக்கு அந்த எடை கிடையாது. ஆனால் ஆண்டு முழுவதும் எழுதலாம், கட்டணம் நூறு டாலருக்குச் சற்றுக் குறைவு, தேர்வு மையத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. பல பல்கலைக்கழகங்களில் ஒரு மூன்று கிரெடிட் பாடத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு கிளெப் பாடங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

அடுத்து அவள் எழுத நினைப்பது 'அமெரிக்க வரலாறு – 1'. 90 நிமிடத்தில் 120 கேள்வி, அதாவது ஒன்றுக்கு 45 விநாடி. குடியேற்றக் காலத்தில் தொடங்கி 1877 வரை பாடம். பிள்ளைகள் இதில் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். பாஸ்டன் தேநீர் விருந்து, சுதந்திரப் பிரகடனம், வாஷிங்டன் என்று பள்ளியில் திரும்பத் திரும்பக் கேட்டதையே இன்னும் ஆழமாகப் படித்துக்கொண்டிருப்பார்கள். காலேஜ் போர்டின் பாடத்திட்டக் குறிப்பைத் திறந்தால், 1789 வரையிலான பகுதிக்குச் சுமார் 30 விழுக்காடுதான். மீதி 70 விழுக்காடு 1790 முதல் 1877 வரை: ஜாக்சன் காலத்து அரசியல், அடிமை முறை, மேற்கு நோக்கிய விரிவாக்கம், உள்நாட்டுப் போர், அதற்குப் பிந்தைய புனரமைப்பு. படிக்கும் நேரத்தையும் அதே விகிதத்தில் பிரிக்கச் சொல்லுங்கள்.

புத்தகத்தைத் திறக்கும் முன்பே ஒரு மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதட்டும். மதிப்பெண் மோசமாகத்தான் இருக்கும், நீங்கள் அருகில் நின்று பார்க்காதீர்கள். தவறிய கேள்விகளைத் தலைப்புவாரியாக ஒரு நோட்டில் எழுதினால், எட்டு வாரத்தில் எதைப் படிக்க வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும். கடைசி இரண்டு வாரம் மாதிரித் தேர்வுகளுக்கு. தவறான விடைக்குக் கழிவு இல்லாததால் ஒரு கேள்வியையும் வெறுமனே விடக்கூடாது. தெரியாததை ஊகித்துக் குறித்துவிட்டு நகர வேண்டும். நம்மூர் நுழைவுத் தேர்வுகளில் கழித்தல் மதிப்பெண்ணுக்குப் பயந்த பெற்றோர்கள் "தெரியலைன்னா விட்டுடு" என்று சொல்லி அனுப்புகிறார்கள். இங்கே அந்த அறிவுரை பிள்ளைக்கு நட்டம்.

தவறிப்போனால் அதே பாடத்தை மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதலாம். மதிப்பெண்ணைக் காலேஜ் போர்டு 20 ஆண்டுகள் வைத்திருக்கும். பதிவு செய்யும்போதே ஒரு கல்லூரியைக் குறிப்பிட்டால் அங்கே இலவசமாக அனுப்புவார்கள். எங்கே சேர்வாள் என்று தெரியாத நிலையில் அந்த இடத்தைக் காலியாக விடலாம். பிறகு கட்டணம் செலுத்தி அனுப்பிக்கொள்ளலாம். பதிவுச் சீட்டு ஆறு மாதம் செல்லும், ஆகவே இன்றே வாங்கி வைக்கும் அவசரம் இல்லை.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது, அவள் விரும்பும் மூன்று நான்கு கல்லூரிகளின் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல். அதை அவளையே எழுதச் சொல்லுங்கள். எந்தெந்த கிளெப் பாடத்தை ஏற்கிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச மதிப்பெண் என்ன, கிடைக்கும் கிரெடிட் கட்டாயப் பாடத்தை நிறைவேற்றுமா அல்லது வெறும் விருப்பப் பாடமாகச் சேருமா, மொத்தம் எத்தனை கிரெடிட் வரை இப்படி ஏற்பீர்கள், டெக்சாஸ் அரசியல் பகுதிக்கு என்ன செய்ய வேண்டும். பதில்கள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், அவற்றை வைத்துக்கொண்டு வரலாறா ஸ்பானிஷா, எது முதலில் என்று முடிவு செய்வோம். அந்த உரையாடலில் அவளும் இருக்கட்டும். 53 எப்படி வந்தது என்று அவளிடமும் நான் விளக்க வேண்டும்.