சின்னம் எதுவோ, கணக்கில் கட்சி அதுவே: மதுரை எம்.பி.க்கள் பற்றிச் சில கேள்விகள்

எங்கள் பகுதி வாசகசாலையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் தமக்குத் தெரிந்த விஷயத்தைப் பற்றிப் பதில் சொல்ல உட்கார்வார். போன மாதம் வந்தவர் ஒரு சர்க்கரை நோய் மருத்துவர். இந்த மாதம் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன், பல தேர்தல்களில் வாக்குச்சாவடி வேலை பார்த்தவன். 1952 முதல் மதுரை மக்களவைத் தொகுதியில் வென்றவர்களின் பெயர், கட்சி, சின்னம் மூன்றையும் ஒரு நீள நோட்டில் எழுதிவரும் கிறுக்கும் உண்டு. சின்னங்களைப் பென்சிலால் வரைந்தே வைத்திருக்கிறேன். சீட்டில் எழுதிக் கேட்டவற்றுக்கும் நேரில் கேட்டவற்றுக்கும் சொன்ன பதில்கள் இவை.

அவனியாபுரத்திலிருந்து வந்த தையல்காரர்: ஐயா, என் மகளின் படிப்பு உதவி தொடர்பாக எம்.பி.க்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். மதுரை எம்.பி. சு. வெங்கடேசன் பெயருக்குத்தானே அனுப்ப வேண்டும்?

இல்லை தம்பி. உங்கள் எம்.பி. மாணிக்கம் தாகூர், காங்கிரஸ், விருதுநகர் தொகுதி. மாநகராட்சிக்கு வரி கட்டுகிறீர்கள், மதுரை பஸ்ஸில் ஏறுகிறீர்கள், இருந்தாலும் அதுதான் உண்மை. அவனியாபுரம் திருப்பரங்குன்றம் சட்டமன்றத் தொகுதியில் வருகிறது. 2008 தொகுதி மறுவரையறையில் திருப்பரங்குன்றம் மதுரையை விட்டு விருதுநகரோடு சேர்ந்துவிட்டது.

மதுரை மாவட்டத்தில் பத்து சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. மேலூர், மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு ஆகிய ஆறு மட்டுமே மதுரை மக்களவைத் தொகுதி. திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகருக்கு. சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனிக்கு. தேனியில் 2024இல் வென்றவர் தி.மு.க.வின் தங்க தமிழ்ச்செல்வன். ஆக ஒரே மாவட்டத்துக்காரர்கள் மூன்று எம்.பி.க்களுக்கு வாக்களிக்கிறோம், மூவரும் மூன்று கட்சி.

வேடிக்கை ஒன்று சொல்கிறேன். மதுரை ஜல்லிக்கட்டு என்று உலகமே பேசுகிறது. அவனியாபுரம் விருதுநகர் தொகுதி. பாலமேடும் அலங்காநல்லூரும் சோழவந்தானுக்குள், அதாவது தேனி. மூன்று வாடிவாசலில் ஒன்றுகூட மதுரை எம்.பி.யின் எல்லைக்குள் இல்லை. விமான நிலையமும் தோப்பூர் எய்ம்ஸும் விருதுநகரில். கீழடி சிவகங்கையில். ‘மதுரைக்கு எம்.பி. என்ன செய்தார்’ என்று டீக்கடையில் சண்டை போடுகிறவர்கள் முதலில் எந்த எம்.பி. என்று முடிவு செய்துகொண்டால் டீ ஆறாமல் இருக்கும்.

சந்தேகம் வந்தால் வாக்காளர் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். சட்டமன்றத் தொகுதியின் எண்ணும் பெயரும் இருக்கும். 195 என்றால் திருப்பரங்குன்றம். மனுவை விருதுநகர் எம்.பி.க்கு அனுப்புங்கள்.

சிம்மக்கல் பழைய புத்தகக் கடைக்காரர்: 1952இலிருந்து மதுரைக்கு யார் யார், எந்தக் கட்சி? வரிசையாகச் சொல்லுங்கள். காமராஜர் காலத்துக் காங்கிரஸும் பிற்காலக் காங்கிரஸும் ஒன்றா?

நோட்டைத் திறக்கச் சொல்கிறீர்கள், நேரமாகும், பரவாயில்லையா?

1952இல் மதுரை இரட்டை உறுப்பினர் தொகுதி. எஸ். பாலசுப்பிரமணியமும் பி. கக்கனும் சேர்ந்து போனார்கள், இருவரும் காங்கிரஸ். தும்பைப்பட்டிக் கக்கன்தான், பிறகு மாநிலத்தில் உள்துறை அமைச்சராக இருந்தவர். இரட்டை உறுப்பினர் முறையை 1961இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். 1957இல் கே.டி.கே. தங்கமணி, கம்யூனிஸ்ட். அப்போது கட்சி ஒன்றாக இருந்ததால் எந்தக் கம்யூனிஸ்ட் என்ற கேள்வியே எழவில்லை. 1962இல் ‘மதுரை காந்தி’ என்.எம்.ஆர். சுப்பராமன், காங்கிரஸ். 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தது. 1967இல் வென்ற பி. ராமமூர்த்தி மார்க்சிஸ்ட். இதே ராமமூர்த்திதான் 1952இல் சிறையில் இருந்தபடியே மதுரை வடக்கில் சட்டமன்றத்துக்கு வென்றவர்.

1971, 1977 இரண்டிலும் ஆர்.வி. சுவாமிநாதன், காங்கிரஸ். 1980, 1984 ஏ.ஜி. சுப்புராமன், காங்கிரஸ். 1989, 1991 அவர் மகன் ஏ.ஜி.எஸ். ராம்பாபு, காங்கிரஸ். 1996இல் மறுபடி ராம்பாபு, ஆனால் மூப்பனார் அந்த ஆண்டு தொடங்கிய தமிழ் மாநில காங்கிரஸ். 1998இல் ஜனதா கட்சியின் சுப்பிரமணியன் சுவாமி. 1999, 2004 மார்க்சிஸ்ட் பி. மோகன். 2009 தி.மு.க.வின் மு.க. அழகிரி. 2014 அ.தி.மு.க.வின் ஆர். கோபாலகிருஷ்ணன். 2019, 2024 மார்க்சிஸ்ட் சு. வெங்கடேசன், முதல் முறை 1,39,395 வாக்கு வித்தியாசம், இரண்டாம் முறை 2,09,409.

இனி நீங்கள் கேட்ட இரண்டாவது பாதி. காங்கிரஸ் என்று எட்டு முறை எழுதியிருக்கிறேன், சின்னம் வரைந்த பத்தியில் மட்டும் மூன்று படம். 1952, 1962இல் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. 1969இல் கட்சி உடைந்து காமராஜர் ஒரு பக்கமும் இந்திரா ஒரு பக்கமும் ஆனபின், 1971இல் மதுரையில் வென்றது இந்திரா பக்கம். சின்னம் பசுவும் கன்றும். 1977இலும் அதே. மறுபடி உடைந்தது, 1980 முதல் கை. பெயர் ஒன்று, ஆள்கள் பாதி ஒன்று; இரண்டு உடைப்பிலும் தேர்தல் ஆணையம் முடிவில் இந்திரா பக்கத்தையே காங்கிரஸ் என்று ஏற்றது, அதனால்தான் எட்டையும் ஒரே கட்சியாக எழுதியிருக்கிறேன். எம்.பி. எந்தக் கட்சி என்று யார் கேட்டாலும் என் விதி ஒன்றுதான். எந்தச் சின்னத்தில் நின்று வென்றாரோ அந்தச் சின்னத்துக்குரிய கட்சி.

அதே கடைக்காரர், விடாமல்: 1967 முதல் பல பத்தாண்டுகள் மாநிலத்தை ஆண்டவை தி.மு.க., அ.தி.மு.க. இரண்டும்தான். உங்கள் பட்டியலில் அவை ஒவ்வொரு முறைதானே வருகின்றன?

இதைக் கவனித்தீர்களே, அதற்கே ஒரு காப்பி வாங்கித் தர வேண்டும். பதினெட்டுப் பொதுத்தேர்தலில் காங்கிரஸ் எட்டு, மார்க்சிஸ்ட் ஐந்து, மற்ற ஐந்து கட்சிகளுக்குத் தலா ஒன்று. அந்த ஐந்தில் இரண்டுதான் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும்.

பலம் இல்லாமல் அல்ல. மதுரையைக் கூட்டணித் தோழருக்கு ஒதுக்கும் பழக்கம் இரு பக்கமும் இருந்தது. ராமமூர்த்தி 1967இல் தி.மு.க. கூட்டணி. சுவாமிநாதன் 1971இல் தி.மு.க.வோடு, 1977இல் அ.தி.மு.க.வோடு. சுப்புராமன் 1980இல் தி.மு.க.வோடு, 1984இல் அ.தி.மு.க.வோடு. மோகன் 1999இல் அ.தி.மு.க. கூட்டணி, 2004இல் தி.மு.க. கூட்டணி. ஆளும் மாறவில்லை, கட்சியும் மாறவில்லை; மேடையில் பக்கத்து நாற்காலிக்காரர் மட்டும் மாறினார்.

இதனால் சாவடியில் நடப்பதைச் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 18 மதுரையில் வாக்குப்பதிவு. அன்றுதான் சித்திரைத் தேரோட்டம். அதற்காகவே இங்கு மட்டும் இரவு எட்டு மணி வரை நேரம் நீட்டித்தார்கள். மாலையில் தேர் பார்த்துவிட்டு, நெற்றியில் குங்குமமும் கையில் பூப்பொட்டலமுமாக ஒரு பாட்டி வந்தார். விரலில் மை வைத்து மறைப்புக்குள் அனுப்பினோம். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டி, “சூரியனைக் காணவில்லையே ஐயா?” என்றார். கூட்டணி மார்க்சிஸ்டுக்குத் தொகுதியை விட்டுக்கொடுத்திருந்தது, சூரியன் எப்படி இருக்கும்? அதை நான் சொல்லக் கூடாது, சொன்னால் என் வேலை போய்விடும். “இருக்கிறதில் பார்த்துப் போடுங்கள் அம்மா” என்றேன். நீண்ட நேரம் கழித்து இயந்திரம் பீப் என்று கத்தியது. எதை அழுத்தினாரோ, அது அவருக்கும் மீனாட்சிக்கும் மட்டுமே தெரியும்.

கல்லூரி மாணவர்: 2019இல் தி.மு.க.வுக்கு 24 எம்.பி. என்று ஒரு புத்தகத்தில் இருக்கிறது, 20 என்று இன்னொன்றில். எது சரி?

இரண்டும். தி.மு.க.வினர் இருபது பேர். விடுதலைச் சிறுத்தைகள், ம.தி.மு.க., இந்திய ஜனநாயகக் கட்சி, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி ஆகியவற்றிலிருந்து ஒவ்வொருவர் உதயசூரியனில் நின்று வென்றார்கள். மக்களவை ஏட்டில் நால்வரும் தி.மு.க.தான், அவையில் எப்படி வாக்களிப்பது என்று தி.மு.க. கொறடா போடும் உத்தரவு அவர்களையும் கட்டும். அதே தேர்தலில் சிதம்பரத்தில் திருமாவளவன் தனிச் சின்னத்தில், பானையில், நின்றதால் விடுதலைச் சிறுத்தைகள் கணக்கில் ஒன்று வந்தது. ஒரே கட்சிக்காரர் இருவர், விழுப்புரத்து ரவிக்குமார் சூரியன், சிதம்பரத்துத் திருமாவளவன் பானை, ஏட்டில் இரு வேறு கட்சி.

2024இலும் நாமக்கல்லில் கொங்குநாடு கட்சிக்காரர் சூரியனில் வென்றார். அவரையும் சேர்த்துத்தான் தி.மு.க. 22. பிறகு காங்கிரஸ் 9, இரு கம்யூனிஸ்டுகளும் தலா 2, விடுதலைச் சிறுத்தைகள் 2, ம.தி.மு.க. 1, முஸ்லிம் லீக் 1. கூட்டினால் 39.

மேலூர் விவசாயி: கட்சி ஒருவரை நீக்கிவிட்டால் எம்.பி. பதவியும் போய்விடுமா?

போகாது. அழகிரியை 2014 மார்ச்சில் தி.மு.க. நீக்கியது. அந்த மக்களவையின் காலம் முடியும் வரை அவர் எம்.பி.யாகவே இருந்தார். கட்சி தள்ளிவிட்டால் பதவி போகாது. தானாகக் கட்சியை விட்டுப் போனால் போகும். 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின் குணம் அது.

இதில் நம் மாநில வழக்கே முன்னுதாரணம். ஜி. விசுவநாதன் அ.தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர். பிறகு வேறு கட்சியில் சேர்ந்தார், பதவி போயிற்று. நீக்கப்பட்டாலும் எந்தக் கட்சியின் வேட்பாளராக வென்றாரோ அந்தக் கட்சிக்காரராகவே கருதப்படுவார், இன்னொன்றில் சேர்ந்தால் தானாக விலகியதாகவே பொருள் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருமகளை வீட்டை விட்டு அனுப்பினாலும் குடும்ப அட்டையில் பெயர் அப்படியே இருப்பது மாதிரி. என் மனைவி இந்த உவமையை ஒத்துக்கொள்ளவில்லை, அதையும் பதிவு செய்கிறேன்.

அதே விவசாயி: மொத்தமாகப் போனால்?

அந்தக் கட்சியின் அவை உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்து இன்னொரு கட்சியோடு இணைந்தால் தப்பிக்கலாம். முன்பு மூன்றில் ஒரு பங்கு உடைந்தாலே போதும் என்று இருந்தது. 2003 திருத்தம் அதை எடுத்துவிட்டது. முடிவு சொல்கிறவர் சபாநாயகர். அவர் பெரும்பாலும் ஆளும் தரப்பிலிருந்து வந்தவர் என்பதுதான் இந்தச் சட்டத்தின் ஓட்டை. என்னைக் கேட்டால் இதைத் தனித் தீர்ப்பாயத்திடம் கொடுத்திருக்க வேண்டும்.

கட்சியே பக்கம் மாறுவது தாவல் ஆகாது, கவனியுங்கள். 1999இல் அ.தி.மு.க. வாஜ்பாய் அரசுக்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. ஏப்ரல் 17 அன்று 269க்கு 270 என்று ஒரே வாக்கில் அரசு கவிழ்ந்தது. ஓராண்டுக்கு முன் அ.தி.மு.க., பா.ஜ.க. இருந்த கூட்டணியில் வென்று போன நம் மதுரை எம்.பி. சுவாமியும் எதிர்த்தே வாக்களித்தார். அவருடைய கட்சிக்கு அவர்தான் தலைவர், யார் கொறடா போட்டுக் கேட்பது?

எல்லீஸ் நகர் இல்லத்தரசி: மாநிலங்களவையில் மதுரைக்கு எம்.பி. உண்டா?

இல்லை அம்மா. அங்கே தொகுதியே கிடையாது. தமிழ்நாட்டுக்கு 18 இடம், சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களித்து ஆறாண்டுக்குத் தேர்ந்தெடுப்பார்கள். அங்கே என் சின்ன விதியும் செல்லாது, ஏனென்றால் அந்த வாக்குச்சீட்டில் சின்னமே இல்லை. அதனால்தான் 2018 பிப்ரவரியில் நம் ஊரில் தொடங்கிய மக்கள் நீதி மய்யத்தின் கமல்ஹாசன், 2025இல் தி.மு.க. ஆதரவோடு போனாலும் சொந்தக் கட்சிப் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி: மதுரைக்குப் பெண் எம்.பி. இருந்தாரா?

இதுவரை இல்லை மகளே. பதின்மூன்று பேர், பதின்மூன்றும் ஆண்கள். மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று 2023இல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறை என்று அதிலேயே எழுதியும் வைத்தார்கள். நீ வாக்காளர் ஆகும்போது கேட்டுப் பார்.

செல்லூர் கைத்தறிக்காரர்: எங்கள் தெரு விளக்கு எரியவில்லை. எம்.பி. நிதியில் போட மாட்டாரா?

எரியாத விளக்குக்கு வார்டு உறுப்பினரைப் பிடியுங்கள், நூறு வார்டுக்கு நூறு பேர் இருக்கிறார்கள். எம்.பி. நிதி ஆண்டுக்கு ஐந்து கோடி. 1993இல் வந்த திட்டம். பணம் எம்.பி. கையில் வராது, அவர் வேலையைப் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் செய்து முடிக்கும். கட்டடம், குடிநீர் மாதிரி நிலைத்து நிற்கும் வேலைக்குத்தான் அது.

கடைசியாக, கேள்வி இல்லாமல் ஒரு திருத்தம் வந்தது. இடைவேளையில் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் 1996ஆம் பக்கத்தில் விரலை வைத்தார். “சார், வாயால் தமிழ் மாநில காங்கிரஸ் என்று சொன்னீர்கள். இங்கே சின்னத்துக்கு நேரே ‘மேற்படி’ என்று போட்டிருக்கிறீர்கள். மேலே இருப்பது கை. அந்த வருடம் எங்கள் வீட்டுச் சுவரில் என் அப்பா வரைந்தது சைக்கிள்.”

பெயர் அதே ராம்பாபு என்றதும் கை தானாக ‘மேற்படி’ எழுதிவிட்டிருக்கிறது. முப்பது வருடமாக நான் பார்க்கவில்லை. அழித்துவிட்டு அவரிடமே பென்சிலைக் கொடுத்தேன். இரண்டு சக்கரமும் ஒரு கைப்பிடியும் வரைந்தார். பெடல் இல்லை, ஆனால் சைக்கிள் என்று தெரிகிறது.