மலைக் குளிரா, பட்டறைத் தூசியா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர். என் கணவருக்கு 41 வயது. 11 வருடம் கோவையில் ஒரு பட்டறையில் டூல் கிரைண்டிங், அதாவது வெட்டும் கருவிகளைத் தீட்டும் வேலை பார்த்தார். இரண்டு வருடமாக வறட்டு இருமல், மூச்சு வாங்குகிறது. முன்பெல்லாம் லீவுக்கு வீட்டுக்கு வந்தால் குறைந்துவிடும். இப்போது வந்து ஒரு மாதமாகியும் குறையவில்லை. சளியில் கிருமி இல்லை என்று வந்தும் ஆறு மாதம் டிபி மாத்திரை கொடுத்தார்கள், பலனில்லை. வீட்டு ஆக்சிமீட்டரில் 91 காட்டுகிறது. தேயிலைத் தோட்டத்து மேட்டில் ஏறி வந்தால் 84. பீடி, சிகரெட் கிடையாது. மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, கீழேயே போய்விடுங்கள் என்கிறார்கள். அவரும் மறுபடி வேலைக்குக் கிளம்புகிறார். என் தம்பியும் அங்கேதான் இருக்கிறான். என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அவரை அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். பரிசோதனைகள் முடியும்வரை ஒரு நாள்கூட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, "லீவுக்கு வந்தால் குறைந்துவிடும்" என்பது. குளிர்தான் காரணம் என்றால் இருமல் மலைக்கு வந்ததும் கூடியிருக்க வேண்டும். அவருக்கோ மலைக்கு வந்தால் குறைந்தது, பட்டறைக்குத் திரும்பினால் கூடியது. இருமலோடு வருபவரிடம் "பீடி உண்டா?" என்று தவறாமல் கேட்கும் மருத்துவர்களான நாங்கள், "எதை அரைக்கிறீர்கள்?" என்று பல நேரம் கேட்பதில்லை. அது எங்கள் தவறு.

டூல் கிரைண்டிங் என்றால் பெரும்பாலும் கார்பைடு என்ற கடின உலோகம். பட்டறையில் 'விடியா' என்பார்கள். ஜெர்மன் மொழியில் 'வைரம் போல' என்ற பொருளில் வைத்த வணிகப் பெயர் அது. டங்ஸ்டன் கார்பைடு பொடியைக் கோபால்ட் என்ற உலோகத்தால் பிணைத்துத்தான் அதைச் செய்கிறார்கள். வைரத் துகள் பதித்த சக்கரமான டைமண்ட் வீலில் பிடித்துத் தீட்டும்போது இரண்டும் சேர்ந்து கண்ணுக்கே தெரியாத தூசியாகக் கிளம்பும். சூடு தணிக்கும் நீரான கூலன்ட் ஊற்றினால் தூசி அடங்கும் என்று நினைப்போம். ஆனால் கோபால்ட் அந்த நீரில் கரைந்து, வீல் சுற்றும்போது எழும் சாரலோடு மூச்சுக்குள் போய்விடும்.

கோபால்ட்டைச் சில உடல்கள் பொறுத்துக்கொள்ளாது. நுரையீரலின் காற்றுப்பைகளில் அழற்சி உண்டாகி, நாளடைவில் சுவர் தடித்து வடுவாகும். இப்போது வீட்டுக்கு வந்தும் குறையாததற்கு இது காரணமாக இருக்கலாம். திசுவை எடுத்துப் பார்த்தால், பக்கத்துச் செல்களை விழுங்கிவிட்டதுபோல் தோன்றும் ராட்சதச் செல்கள் இருக்கும். கடின உலோக நோய் என்று இதைச் சொல்கிறோம். ஒவ்வாமை போன்ற தன்மை இருப்பதால், பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்கு மட்டும் வரலாம். "மற்றவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்" என்று முதலாளி சொன்னால், அதை வைத்து இந்த நோய் இல்லை என்று சொல்ல முடியாது.

எல்லா உலோகத் தூசியும் இப்படிச் செய்வதில்லை. வெல்டிங் வேலையில் இரும்புத் தூசி படிந்தால் எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியாகத் தெரியும், ஆனால் மூச்சை அவ்வளவாகக் கெடுக்காது. துத்தநாகப் புகை ஓரிரு நாள் காய்ச்சலோடு போய்விடும். வார்ப்படப் பட்டறையின் மணல் தூசி தரும் சிலிக்கோசிஸ் மிக மோசமானது, டிபியையும் கூட்டி வரும். ஆகவே அவர் என்ன வேலையெல்லாம் செய்தார், எந்த உலோகம், எத்தனை வருடம், தூசி உறிஞ்சும் குழாய் இருந்ததா என்று ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.

அப்புறம் அந்த 91. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் அங்கே குறைவு. நல்ல நுரையீரல் உள்ளவருக்கே 94, 95 என்று காட்டலாம். ஆனால் 91 குறைவு. மேடு ஏறியதும் 84-க்கு இறங்குவது நிச்சயம் நோய்தான். மலை இந்த நோயைக் கொடுக்கவில்லை, உள்ளே இருந்ததை வெளியே காட்டியிருக்கிறது. கீழே போனால் எண் கொஞ்சம் ஏறும், ஆனால் நோய் அப்படியேதான் இருக்கும். உட்கார்ந்திருக்கும்போதே 88-க்குக் கீழே போனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கோவையிலோ நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். நுரையீரலை நுட்பமாகப் படமெடுக்கும் ஹெச்.ஆர்.சி.டி. ஸ்கேன், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, காற்றுப்பையிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு போகிறது என்று அளக்கும் டி.எல்.சி.ஓ. ஆகியவை வேண்டும். சளியை மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். ஏனென்றால் இது கடின உலோக நோய் என்று உறுதியானால் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து தருவார்கள். டிபி இருக்கும்போது அதை மட்டும் கொடுத்தால் டிபி பரவும். தூசியை விட்டு விலகி ஸ்டீராய்டும் எடுத்தால் பலருக்கு மூச்சு நன்றாகத் தேறுகிறது. வடுவாகிப்போன பகுதி மட்டும் திரும்பாது.

வெல்லமும் வாழைப்பழமும் தின்றால் தூசி இறங்கிவிடும் என்று பட்டறைகளில் கொடுப்பார்கள். அவை போவது இரைப்பைக்கு, நுரையீரலுக்கு அல்ல. வீட்டில் விறகுப் புகை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்பு வைக்கவே கூடாது, அது யாருக்குமே ஆபத்து.

பணக் கவலையும் இருக்கும். இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலில் கடின உலோகத்தால் வரும் நுரையீரல் நோயும் இருக்கிறது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடித்திருந்தால் அந்த அட்டை, சம்பளச் சீட்டு, பழைய எக்ஸ்ரே எதையும் தொலைத்துவிடாதீர்கள். கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் காட்டும்போது, வேலையால் வந்ததா என்று எழுத்தில் பதியச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் தம்பிக்கு இன்று இருமல் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் இந்த மாதமே ஸ்பைரோமெட்ரியும் எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லுங்கள். கைக்குட்டை கட்டிக்கொண்டு தீட்டுகிறார் என்றால் அது இந்தத் தூசியைத் தடுக்காது. வீலுக்குப் பக்கத்திலேயே உறிஞ்சும் குழாய் வேண்டும். அதை வைக்காத இடத்தில் அவரும் இருக்க வேண்டாம்.