ஸ்காட்லாந்துப் பத்திரிகைகளில் ஒரே ஆட்டம் ஞாயிறு ஒரு விதமாகவும் திங்கள் வேறு விதமாகவும் எழுதப்படுவது ஏன்?

ஸ்காட்லாந்து லீக் கால்பந்தில் சனிக்கிழமை நடந்த ஓர் ஆட்டத்தைப் பற்றி ஞாயிறன்று வரும் செய்தியும் திங்களன்று வரும் செய்தியும் இரண்டு வெவ்வேறு ஆட்டங்களைப் பற்றியவை போல இருக்கின்றனவே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். டண்டி நகரில் படித்த காலத்தில், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் நடத்திய தெருமுனைக் கடையில் ஞாயிறும் திங்களும் காலை நேர வேலை பார்த்தேன். விடிவதற்கு முன்பே வாசலில் வந்து கிடக்கும் பத்திரிகைக் கட்டுகளின் பிளாஸ்டிக் பட்டையை அறுத்து, இணைப்பிதழ்களை உள்ளே செருகி, அடுக்கி வைப்பதுதான் முதல் வேலை. கடை திறக்கும் வரை விளையாட்டுப் பக்கங்களைப் படிப்பேன். இந்தப் பதில் அந்தப் பழக்கத்திலிருந்து வருகிறது.

ஆட்டச் செய்தி எப்போது எழுதப்படுகிறது என்பதுதான் அது எப்படி எழுதப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது. சனிக்கிழமை ஆட்டங்களில் பெரும்பாலானவை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி, 5 மணிக்குச் சற்று முன்பு முடிகின்றன. ஞாயிறு பத்திரிகையின் முதல் பதிப்பு அன்று மாலையே அச்சுக்குப் போக வேண்டும். ஆகவே செய்தியாளர் ஆட்டம் முடியும் வரை காத்திருப்பதில்லை. இடைவேளைக்குள் முதல் பாதியை எழுதி அனுப்பிவிடுகிறார், இரண்டாம் பாதியைத் துண்டு துண்டாகத் தொடர்கிறார், நடுவரின் கடைசி விசில் ஒலிக்கும்போது முதல் பத்தியை மட்டும் எழுதி மேலே ஒட்டுகிறார். 88ஆவது நிமிடம் வரை ஒன்றுக்கு ஒன்று என்று இருந்த ஆட்டத்தில் திடீரென்று ஒரு கோல் விழுந்தால், முதல் பத்தி வெற்றியைக் கொண்டாடும். நான்காம் பத்தியோ இன்னும் சமநிலை ஆட்டத்தின் சோர்வோடு நடந்துகொண்டிருக்கும். இதைப் பிழை என்று நான் நினைத்ததில்லை. இருட்டிக்கொண்டு வரும் டிசம்பர் மாலையில், விரல் விறைக்கும் குளிரில், முடிவு தெரியாமலே ஒருவர் எழுதியதன் தடம் அது.

முன்பு இந்த அவசரம் இன்னும் கடுமையாக இருந்தது. அபர்டீனில் பச்சைத் தாளிலும் எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் இளஞ்சிவப்புத் தாளிலும் சனிக்கிழமை மாலைக்கென்றே விளையாட்டுப் பதிப்புகள் அச்சாயின. ஆட்டம் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் வழியிலேயே வாங்கிப் படிக்கும் வேகத்தில் அவை தெருவுக்கு வந்தன. செய்தியாளர் மைதானத்திலிருந்து தொலைபேசியில் சொல்லச் சொல்ல, அலுவலகத்தில் ஒருவர் தட்டச்சு செய்துகொண்டார். அந்தப் பதிப்புகளில் முதல் பாதி விரிவாகவும் இரண்டாம் பாதி இரண்டே வரியாகவும் இருந்ததற்கு அதுவே காரணம். இன்று அந்தத் தாள்கள் அச்சில் இல்லை.

திங்கட்கிழமைப் பத்திரிகையின் நிலை முற்றிலும் வேறு. கோல் அடித்தவர் யார் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. எனவே அது ஆட்டத்தை விவரிப்பதை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் ஒரு மனிதரையோ ஒரு சிக்கலையோ பிடித்துக்கொள்கிறது: காயத்திலிருந்து மீண்ட முன்கள ஆட்டக்காரர், பதவி ஆட்டம் காணும் மேலாளர், தவறாகக் கொடுக்கப்பட்ட பெனால்டி. இதற்கென்று ஓர் ஏற்பாடும் உண்டு. ஆட்டம் முடிந்ததும் மேலாளர் ஞாயிறு பத்திரிகையாளர்களிடம் ஒரு முறையும் நாளிதழ்க்காரர்களிடம் தனியாக இன்னொரு முறையும் பேசுவது வழக்கம்; இரண்டாவது பேச்சைத் திங்கட்கிழமைக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள். ஒரே மேலாளர் இரண்டு நாளும் இரண்டு வெவ்வேறு செய்திகளைச் சொல்வது போல உங்களுக்குத் தோன்றியிருந்தால் காரணம் இதுதான்.

ஊரும் ஒரு காரணம். டண்டி அணி கிளாஸ்கோ அணியான செல்டிக்குடன் சமநிலை கண்டால், கிளாஸ்கோவின் டெய்லி ரெக்கார்டில் எழுவாய் பெரும்பாலும் செல்டிக்காக இருக்கும்: செல்டிக் இரண்டு புள்ளிகளைத் தவறவிட்டது. டண்டியின் கூரியர் நாளிதழில் எழுவாய் டண்டி: டண்டி ஒரு புள்ளியைப் போராடிப் பெற்றது. ஆட்டம் ஒன்றுதான், வாக்கியத்தை யார் தொடங்குகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. டண்டிக்கு உள்ளேயே இன்னொரு சங்கடமும் உண்டு. டண்டி, டண்டி யுனைடெட் ஆகிய இரண்டு அணிகளின் மைதானங்களும் ஒரே தெருவில், கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. எங்கள் கடைக்கு வரும் ஒருவர், எந்த அணியின் படம் பெரியது என்று பத்திரிகையை விரித்துச் சாண் வைத்து அளந்து பார்த்த பிறகுதான் காசு கொடுப்பார்.

இட ஒதுக்கீட்டில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. நான்கு பிரிவுகளிலும் சேர்த்து 42 அணிகள் ஆடுகின்றன. ஆனால் தேசியப் பத்திரிகைகளில் செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் பக்கம் பக்கமாக எடுத்துக்கொள்கின்றன. 1985இல் அபர்டீன் வென்ற பிறகு, 2025 வரையிலான 40 லீக் பட்டங்களையும் இந்த இரண்டு அணிகளே பகிர்ந்துகொண்டன என்பதால் அந்தக் கவனத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் மூன்றாம், நான்காம் பிரிவு ஆட்டங்கள் மூன்று வரியிலோ வெறும் கட்டத்திலோ முடிந்துவிடுகின்றன. இரு அணிகளின் ஆட்டக்காரர்கள், மாற்று ஆட்டக்காரர்கள், மஞ்சள் அட்டை பெற்றவர்கள், நடுவர், பார்வையாளர் எண்ணிக்கை ஆகியவை பொடி எழுத்தில் அடுக்கப்பட்டிருக்கும் அந்தக் கட்டத்தை நீங்கள் தவிர்க்க வேண்டாம். அவசரத்தில் எழுதிய பத்திகளைவிட அதுதான் நம்பகமானது. எந்த நிமிடத்தில் யார் வெளியே எடுக்கப்பட்டார் என்பதைப் பார்த்தாலே மேலாளரின் கவலை புரிந்துவிடும்.

சிறிய அணியைப் பற்றி நன்றாக எழுதப்பட்ட செய்திக்கு அர்ப்ரோத்தைச் சொல்வேன். அதன் கேஃபீல்டு மைதானம் வடகடலை ஒட்டியே இருக்கிறது. எந்தப் பாதியில் எந்த அணி காற்றை எதிர்த்து ஆடியது என்று சொல்லாத செய்தி அங்கே அரைகுறைதான். அந்த அணியைச் செய்தியாளர்கள் ‘ரெட் லிக்டீஸ்’ என்று எழுதுவார்கள். மீன்பிடிப் படகுகளுக்குத் துறைமுகம் காட்டிய சிவப்பு விளக்கிலிருந்து வந்த பெயர் அது. லீக் தொடங்குவதற்கு முன்பே, 1885 செப்டம்பர் 12 அன்று, கோப்பைப் போட்டியில் பான் அக்கார்டு அணியை 36க்கு 0 என்று அர்ப்ரோத் வென்றது. பார்வையாளர்களில் சிலர் தாளும் பென்சிலுமாக, கிரிக்கெட் ஓட்டங்களைக் குறிப்பது போலக் கோல்களைக் குறித்துக்கொண்டிருந்ததாக அன்றைய விளையாட்டு இதழ் பதிவு செய்திருக்கிறது. அந்த நாளை எனக்குக் கண்முன் கொண்டுவருவது கோல் கணக்கைவிட அந்தப் பென்சில்தான்.

எங்கள் வாடிக்கையாளர்களில் அர்ப்ரோத்தில் பிறந்த முதியவர் ஒருவர் இருந்தார். முந்தைய நாள் ஆட்டத்தை நேரில் பார்த்திருந்தாலும், ஞாயிறு காலை சண்டே போஸ்ட் வாங்கி, கல்லாவின் மேலேயே விரித்து, பொடி எழுத்துக் கட்டத்தின் கடைசியில் இருக்கும் பார்வையாளர் எண்ணிக்கையை விரலால் தொட்டு, “இதில் நான் ஒருவன்” என்பார். பிறகு மூன்று வரிச் செய்தியைப் படித்து, செய்தியாளர் எதைப் பார்க்கத் தவறினார் என்று எனக்கு விளக்குவார். திங்கட்கிழமை காலையில், கூரியர் அதை எழுதியிருக்கிறதா என்று பார்க்க மறுபடியும் வருவார்.