பக்கத்து வீட்டுத் தாத்தா ஒப்படைத்த மழைக் கணக்கு

நாள்பட்ட நோயுள்ள குழந்தை இருக்கும் வீட்டுக்கு அண்டை வீட்டார் உருப்படியாக என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகனுக்கு நான்கு வயதில் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் இருப்பது தெரியவந்தது. இப்போது அவனுக்குப் பதினொரு வயது. இந்த ஏழு ஆண்டுகளில் எங்களுக்குக் கிடைத்த உதவிகளில், மனத்தை விட்டு அகலாத இரண்டை மட்டும் எழுதுகிறேன்.

நோயைப் பற்றிச் சிறிது சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. இரத்தத்திலேயே தங்க வேண்டிய புரதத்தைச் சிறுநீரகத்தின் வடிகட்டிகள் கசியவிடுவதால் உடலில் நீர் கோத்துக்கொள்ளும். காலையில் எழும்போது இமைகள் வீங்கிக் கண் திறக்கவே சிரமப்படும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு மருந்தில் கட்டுப்பட்டுவிடும் என்றாலும், ஒரு சாதாரணச் சளி வந்தால்கூட நோய் மறுபடியும் தலைகாட்டும். ஆகவே நாள்தோறும் காலையில் முதல் சிறுநீரில் பரிசோதனைப் பட்டையை நனைத்து, அதன் மஞ்சள் நிறம் பச்சையாகிறதா என்று பார்த்து, ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் மூன்று கூட்டல் குறி, அதாவது புரதம் மிக அதிகம் என்று வந்தால் மறுபடியும் முழு அளவு மருந்து; மருந்தால் பசி, எரிச்சல், நிலவைப் போல உப்பிய முகம். எங்கள் வீட்டில் காலைப் பொழுது அந்த நோட்டோடுதான் விடியும். எழுதுவது நான், எழுதப்படுவது அவன் உடம்பு.

அவனுக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஒரே ஆண்டில் மூன்றாவது முறையாக நோய் திரும்பியது. கூட்டத்தில் விட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், அவன் பெரும்பாலான நேரம் சன்னலருகே உட்கார்ந்திருந்தான். பார்க்க வந்தவர்களில் பலர் கன்னத்தைக் கிள்ளி, "நல்லா கொழுகொழுன்னு ஆயிட்டானே" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், அவனோ அதன் பிறகு கண்ணாடி பார்ப்பதை நிறுத்திவிட்டான். இன்னும் சிலர் கைவசம் ஒரு வைத்தியத்தோடு வந்தார்கள். அதைப் பற்றிப் பேசாமல் விடுவதே நல்லது.

பக்கத்து வீட்டில் தனியாக வசிக்கும் பெரியவர் ஒருநாள் தம் வீட்டு மதில்மேல் நேர்ச்சுவருள்ள கண்ணாடிச் சாடி ஒன்றைக் கம்பியால் கட்டி வைத்தார். பிறகு எங்கள் சன்னலுக்கு வெளியே நின்று, "தம்பி, பெய்யற மழையை அளக்கலாம்னு இருக்கேன். அளவை நான் பார்த்துச் சொல்லிடுவேன். எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை. நீ எழுதுவியா?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்வதற்குள் "எழுதுறேன் தாத்தா" என்றான்.

மறுநாள் முதல் காலை எட்டு மணிக்கு அவர் ஸ்கேலை வைத்துப் பார்த்து மில்லிமீட்டரில் உரக்கச் சொல்வார். இவன் புது நோட்டில் தேதி போட்டு எழுதுவான். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று அவர் சொல்லிக் கொடுத்ததும், எங்கள் மொட்டை மாடியில் எத்தனை லிட்டர் விழுந்தது என்று அன்று முழுவதும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் அவர் மறந்து எட்டே காலுக்கு வந்தபோது, "தாத்தா, நேரம் தவறினா கணக்கு தப்பாயிடும்" என்று கண்டித்தான். நோய் வந்த பிறகு அவன் இன்னொருவரைக் கண்டித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தாத்தா மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

இரண்டாவது, கீழ்வீட்டு அக்காவின் ஒரு தொலைபேசி அழைப்பு. "என் பொண்ணுக்கு அம்மை போட்டிருக்கு. முந்தாநாள் ரெண்டு பேரும் படிக்கட்டுல சேர்ந்து விளையாடினாங்க, அதான் உடனே சொல்றேன்" என்றார். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே சின்னம்மை தொற்றக்கூடியது. ஸ்டீராய்டு எடுத்துக்கொள்ளும் குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே தெரிந்ததால்தான் அன்று மாலையே மருத்துவமனைக்குப் போய், நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள் கொண்ட ஊசியைப் (இம்யூனோகுளோபுலின்) போட முடிந்தது. தம் மகளால் இன்னொரு பிள்ளைக்கு நோய் வந்துவிடுமோ என்கிற குற்ற உணர்வில் பேசாமல் இருந்துவிடுபவர்களே அதிகம். விளையாட வருவதற்கு முன் "எங்க வீட்ல யாருக்கும் சளி இல்லை, வரட்டுமா?" என்று அந்தச் சிறுமியையே கேட்க வைத்திருந்தவரும் அவர்தான்.

அப்படிப்பட்ட வீடு உங்கள் பக்கத்தில் இருந்தால், போவதற்கு முன் கேளுங்கள். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள். முடிந்தால் அந்தக் குழந்தையிடம் ஏதாவது ஒரு வேலையை நம்பி ஒப்படையுங்கள்.

சென்ற ஆண்டு முதல் பட்டையைப் பார்த்து எழுதும் வேலையையும் அவனே எடுத்துக்கொண்டான். இரண்டு நோட்டு எதற்கு என்று ஒன்றாக்கிவிட்டான்: இடப்பக்கம் மழை, வலப்பக்கம் புரதம். இடப்பக்கம் சுழி வந்தால் முகம் சுளிக்கிறான். வலப்பக்கம் சுழி வந்தால் பேனாவை அழுத்திப் பெரிதாகப் போடுகிறான். தாத்தா மாதக் கடைசியில் நோட்டை வாங்கிப் பார்ப்பார். இடப்பக்கத்தை மட்டும்தான் கூட்டிப் பார்ப்பார்.