உயரமான கிளாஸில்தான் ஜூஸ் கூட என்று என் ஐந்து வயது மகள் அடம்பிடிக்கிறாள். எந்த வயதில் இது சரியாகும்?

பாதி சரியாகும், ஏழெட்டு வயதில். மற்றப் பாதி நமக்கே இன்னும் சரியாகவில்லை.

சுவிற்சர்லாந்து உளவியலாளர் பியாஜேயின் சோதனை இதுதான்: ஒரே மாதிரியான இரண்டு கிளாஸில் சம அளவு தண்ணீர். பிள்ளை இரண்டும் சமம் என்று சொன்ன பிறகு, அதன் கண்முன்னாலேயே ஒன்றை ஒடுக்கமான கிளாஸுக்கு மாற்றுவார்கள். சின்னப் பிள்ளைகள் உயர்ந்த நீர்மட்டத்தைப் பார்த்து “இதிலதான் கூட” என்பார்கள். கொஞ்சம் வளர்ந்தவர்கள், “ஊத்தினா எப்பிடிக் கூடும்?” என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

ஆனால் அந்தப் பெரிய பிள்ளை எதையும் கண்ணால் அளக்கவில்லை. ஊற்றியதைப் பார்த்ததால் தெரியும், அவ்வளவுதான். ஊற்றுவதைக் காட்டாமல் வெவ்வேறு வடிவக் கிளாஸ்களை நீட்டினால் பெரியவர்களும் உயரத்துக்கே மயங்குகிறோம். பிரியா ரகுபீர், ஆராத்னா கிருஷ்ணா இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. அதில் இன்னொரு வேடிக்கை: உயரமான கிளாஸில் குடித்தவர்கள் உண்மையில் கூடக் குடித்துவிட்டு, குறைவாகக் குடித்ததாக நினைத்தார்களாம்.

12 சென்ரிமீற்றர் உயரம், 6 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கிளாஸில் ஏறத்தாழ 340 மில்லிலீற்றர் பிடிக்கும். உயரமும் விட்டமும் 8 ஆக இருக்கும் குட்டைக் கிளாஸில் 400. வெள்ளவத்தையில் எந்தத் தேத்தண்ணிக் கடையிலும் இரண்டையும் மேசையில் வைத்துக் கேட்டுப் பாருங்கள், பலர் உயரமானதைத்தான் காட்டுவார்கள். விட்டம் கூடினால் கொள்ளளவு அதன் வர்க்கத்தில் கூடுகிறது. கண்ணுக்கு அந்தக் கணக்கு வராது.

சரி, அம்மம்மாமார் சோற்றுக்குக் கண்மட்டத்திலேயே சரியாகத் தண்ணீர் வைக்கிறார்களே? அது அவர்களுடைய பழகிய பானை. வாயும் அடியும் ஒரே அகலமான பாத்திரம் ஒன்றுக்குள் உயரத்தை மட்டும் பார்த்தாலே போதும், பிழைக்காது. அரிசியை அவர்களும் ரின்பால் பேணியால் சுண்டுக் கணக்கில்தான் அளக்கிறார்கள். வேறு வீட்டுப் பானையைக் கொடுத்தால் தண்ணீருக்கும் பேணியைத்தான் தேடுவார்கள்.

உருண்டையான பொருள் என்றால் நிலைமை இன்னும் மோசம். 24 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள வத்தகப்பழம், 20 சென்ரிமீற்றர் பழத்தைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் தெரியும். கனவளவு 73 சதவீதம் கூட. கிலோக் கணக்கில்லாமல் பழக்கணக்கில் விற்கிறார்கள், விலையும் ஒன்றரை மடங்குக்குள் என்றால், யோசிக்காமல் பெரியதையே தூக்குங்கள்.

மகளின் சண்டைக்கு இப்போதைக்கு ஒரே வழி, எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கிளாஸ்.