கறுப்பாக இருந்தால் வெயில் சுடாதா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு 22 வயது, சொந்த ஊர் கோயம்புத்தூர். ஸ்பானிஷ் படிப்பதற்காக இந்த ஜூலையில் ஸ்பெயினின் செவீயா நகருக்கு வந்திருக்கிறேன். தினமும் 2 மணிக்கு வகுப்பு முடியும். 11 முதல் 3 வரைதான் வெயில் ஆகாது என்று கேட்டு வளர்ந்ததால், சாப்பிட்டுவிட்டு 3 மணிக்கு மேல் தைரியமாக ஊர் சுற்றினேன். போன வாரம் பிளாசா தே எஸ்பான்யாவில் இரண்டு மணி நேரம் இருந்தேன். மறுநாள் கிரனாடாவுக்கு மூன்று மணி நேரப் பேருந்து, ஜன்னலோர இருக்கை. அன்று இரவே மூக்கும் புறங்கைகளும் தீப்பட்டதுபோல எரிந்தன. வலது கையில் சின்னக் கொப்புளங்கள், நகங்களிலும் வலி, தலைசுற்றல் வேறு. நான் நல்ல கறுப்பு. "உனக்குமா?" என்று அறைத்தோழி வியக்கிறாள். பருவுக்காக ஒரு மாதமாக டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. சாப்பிடுகிறேன். இங்கே நிறம் ஏற்றிக்கொள்ளவே கடற்கரைக்குப் போகிறார்கள். அம்மாவோ போனில், "கறுத்துப் போயிடாதே" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டாக்ஸிசைக்ளின் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும் மருந்து. மருந்து தோலில் இருக்கும்போது புற ஊதாக் கதிர் பட்டால், வழக்கமாகத் தாங்கும் வெயிலே புண்ணாக்கிவிடும். இதைப் பெரும்பாலும் தூண்டுவது அந்தக் கதிரில் யூவிஏ என்ற வகை. சாதாரணக் கண்ணாடி யூவிபி என்ற இன்னொரு வகையைத் தடுத்தாலும் யூவிஏவில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். ஜன்னல் பக்கம் உங்கள் வலது கை இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். நகத்தடியில் வலி என்பதும் இந்த மருந்தையே காட்டுகிறது. நகம் சதையிலிருந்து கொஞ்சம் விலகக்கூடும், ஆனால் வளர்ந்து சரியாகிவிடும். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இன்றே போனில் பேசி, மாத்திரையை நிறுத்துங்கள். பரு சில வாரம் காத்திருக்கும். நிறுத்தினாலும் இன்னும் சில நாள் கூச்சம் இருக்கும், அதுவரை வெயில் வேண்டாம்.

மாத்திரை கொடுக்கும்போதே இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். கறுப்புத் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமும் இருக்கிறது என்பது எனக்கு வருத்தம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் நிச்சயம் காப்புதான். ஆனால் மிகக் கறுத்த தோல் தரும் காப்பே எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீனின் காப்பைச் சொல்லும் எண்) 13 அளவுதான் என்று அளந்திருக்கிறார்கள். நம்மவர்களின் தோல் பெரும்பாலும் அதற்கும் கீழே. சிவப்பது வெளியே தெரியாததால் நமக்குச் சுடவில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

அடுத்தது நேரக் கணக்கு. நீங்கள் கேட்டு வளர்ந்த "11 முதல் 3" நம் ஊருக்குச் சரி. ஜூலையில் கோயம்புத்தூரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 12.30க்கு. செவீயாவிலோ 2.30க்கு! ஸ்பெயின் இருப்பது மேற்கே, கிரீன்விச்சுக்கு நேராகவும் அதற்கு அப்பாலும். ஆனால் 1940இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாற்றியது, அது இன்றுவரை அப்படியே இருக்கிறது. கோடையில் இன்னொரு மணி சேர்கிறது. நீங்கள் கிளம்பிய 3 மணி அங்கே நட்ட நடுப்பகல். 12 முதல் 5.30 வரை வெளியே தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த ஊரிலும் பொருந்தும் வழி ஒன்று உண்டு: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் நிழலுக்குள் போய்விடுங்கள்.

மொழி படிக்கிறீர்கள், அதனால் இதைச் சொல்ல ஆசையாக இருக்கிறது. மதியத் தூக்கத்தைக் குறிக்கும் சியெஸ்டா என்ற சொல் லத்தீனில் 'ஆறாம் மணி' என்பதிலிருந்து வந்தது. விடியலிலிருந்து எண்ணினால் ஆறாம் மணி என்பது உச்சிப்பொழுது. கடிகாரம் மாறினாலும் செவீயாக்காரர்கள் சூரியனை விட்டுவிடவில்லை: 2.30 வாக்கில் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, பெர்சியானா எனும் சுருள் மறைப்பை இறக்கிவிட்டு இருட்டில் கிடக்கிறார்கள். சியெர்ப்பெஸ் தெருவுக்கு மேலே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை கட்டியிருக்கும் துணிப் பந்தலைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் தோல்தோ. பாட்டிமார் கையில் விசிறி இருக்கும். பிளாசா தே எஸ்பான்யா 1929 கண்காட்சிக்காகக் கட்டிய திறந்த வெளி, நடுவில் நின்றால் ஒதுங்க இடமில்லை. அதை ஒட்டியே மரியா லூயிசா பூங்காவின் மரநிழல் இருக்கிறது. சூரியன் மறைய 9.30 தாண்டும். 8 மணிக்குமேல் கிளம்புங்கள், ஊரே அப்போதுதான் தெருவுக்கு வரும்.

தலைசுற்றலுக்குக் காரணம் பெரும்பாலும் நீர் குறைந்ததுதான். அங்கே உலர்ந்த சூடு, வேர்வை வந்ததும் காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்றே தெரியாது. தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே வைத்திருங்கள். கஸ்பாச்சோ குடியுங்கள். தக்காளி, வெள்ளரி, உப்பு, வினிகர் எல்லாம் சேர்ந்த அது நம் நீர்மோர் செய்யும் வேலையைச் செய்யும். யாருக்காவது பேச்சுக் குழறினாலோ, உடம்பு கொதித்து மயங்கினாலோ அது கோல்ப்பே தே கலோர், வெப்ப அதிர்ச்சி. 112க்கு அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி உடம்பு முழுக்க நீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இப்போதுள்ள புண்ணுக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணி, பிறகு வாசனையில்லாத, எண்ணெய்ப் பசையில்லாத மாய்ஸ்சரைசர் லோஷன். வலிக்குப் பாரசிட்டமால். கொப்புளத்தை உடைக்காதீர்கள். பனிக்கட்டி, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுபோன சிவப்பழகு கிரீம் ஏதாவது இருந்தால் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள், பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. புண் ஆறியபின் சன்ஸ்கிரீன்: எஸ்பிஎஃப் 50, அட்டையில் வட்டத்துக்குள் யூவிஏ என்று இருக்க வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், இரண்டு மணிக்கு ஒருமுறை. வெள்ளையாகப் படிந்தால் நிறம் கலந்ததை வாங்குங்கள். அதிலுள்ள இரும்பு ஆக்சைடு, நம் தோலில் எளிதாக வரும் கருந்திட்டுகளையும் தடுக்கும். முழுக்கைப் பருத்திச் சட்டையும் தொப்பியும் இதைவிட நம்பகமானவை.

யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டீர்கள். நிறம் ஏறுவது, செல்லின் டிஎன்ஏ அடிபட்டதற்குத் தோல் காட்டும் எதிர்வினை. அதனால் கடற்கரையில் காய்வது எனக்குச் சம்மதமில்லை. அதற்காக "கறுத்துடாதே" என்பதையும் ஏற்க முடியாது. உங்கள் நிறம் நோயல்ல, அதைக் காப்பாற்றவோ குறைக்கவோ வேண்டியதில்லை. காப்பாற்ற வேண்டியது தோலை. நம் வீடுகளில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் பல பெண்கள் வெயிலுக்கும் பயந்து, தங்கள் முகத்துக்கும் பயந்து வாழ்கிறார்கள். அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

கொப்புளம் பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அங்கேயே மருத்துவரைப் பாருங்கள். பச்சைச் சிலுவை விளக்கு எரியும் மருந்துக் கடையிலும் கேட்கலாம். "மே எ கெமாதோ கொன் எல் சோல்" (வெயில் என்னைச் சுட்டுவிட்டது) என்று சொல்ல உங்களுக்குத் தெரியும். கூடவே "தோமோ தோக்ஸிசிக்லினா" (டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறேன்) என்றும் சொல்லுங்கள். உங்கள் தோலின் நிறத்தைப் பார்த்து அங்கும் யாராவது "உனக்குமா?" என்று கேட்டால், காரணம் அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் இருக்கிறது.